நெஞ்சு படபடப்பும் மனப்பதற்றமும்: வீட்டார் அறிய வேண்டியவை



நமது அறக்கட்டளையில் வியாழக்கிழமைதோறும் அஸருக்குப் பிறகு மருத்துவ உதவி மனுக்கள் வாங்குகிறோம். சென்ற ஆண்டு அப்படி வந்தவர்களில் ஒரு சகோதரி. (அவருடைய அனுமதியோடும், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன்.) கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் நான்கு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ, ஒரு தலை ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள். எல்லாவற்றிலும் முடிவு 'நார்மல்'. இதில் இரண்டு பரிசோதனைகளுக்கு நம் பைத்துல்மாலிலிருந்தே பணம் போயிருக்கிறது. மூன்றாவதாக ஒன்று எடுக்க வேண்டும் என்று வந்திருந்தார்.

"காக்கா, எல்லாம் நல்லா இருக்குங்கறாங்க. அப்ப எனக்கு ஏன் இப்படி வருது?" என்று கேட்டார்.

முதல் தடவை வந்தது ஒரு கலியாண வீட்டில். சாப்பாட்டு நெரிசலில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு உள்ளே போகவில்லை. கைவிரல்கள் மரத்து, வேர்த்து, 'இதோடு மவுத்துதான்' என்று தோன்றி, கலிமாவும் சொல்லிவிட்டாராம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கிவிட்டது. அதன்பின் பஸ்ஸில் ஒருமுறை, தராவீஹில் ஒருமுறை, எதுவுமே இல்லாமல் வீட்டில் படுத்திருக்கையில் ஒருமுறை.

அன்று நான் சொன்ன பதில்: "அல்லாஹ் மேல பாரத்தப் போட்டுட்டு, எதையும் யோசிக்காம இரும்மா." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான்கு மாதம் கழித்து அவருடைய மாமியார்தான் வந்தார். மருமகள் இப்போது கடைக்குப் போவதில்லை, மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போவதில்லை, தனியாகக் குளியலறைக்குப் போனால்கூடத் தாழ்ப்பாள் போடுவதில்லை என்றார். மாப்பிள்ளை சவூதியில் இருக்கிறார். அவரை வேலையை விட்டு வரச் சொல்லலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம்.

நம் தொண்டர்களில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அந்த அம்மா அரைமணி நேரம் பேசிவிட்டு, அடுத்த நாளே அவரை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே அதற்குப் பெயர் சொன்னார்கள்: பீதி நோய். பதற்ற நோய்களில் ஒரு வகை. நான் 'யோசிக்காதே' என்று சொல்லி அனுப்பிய நான்கு மாதத்தை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

பயம் வேறு, நோய் வேறு

பயப்படுவது ஈமான் குறைவு அல்ல. கைத்தடி பாம்பாக மாறியபோது மூஸா (அலை) அவர்கள் திரும்பி ஓடியதைக் குர்ஆனே சொல்கிறது. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போனதையும் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் பாதுகாப்புத் தேடும் துஆவைக் கற்றுத் தந்திருக்கிறார்கள். மனிதனுக்கு வராத ஒன்றிலிருந்து யாரும் பாதுகாப்புத் தேடுவதில்லையே.

ஆபத்து வரும்போது உடம்பு தன்னைத் தயார்செய்துகொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, கை கால் தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ இவை எல்லாம் தேவை. பரீட்சைக்கு முந்தின இரவும், பிரசவ அறை வாசலிலும், விசா முடிவுக்குக் காத்திருக்கும்போதும் இது வருவது இயல்பு. காரியம் முடிந்ததும் போய்விடும்.

திருடனே வராத இரவில், காற்று அடித்தாலும் பூனை ஏறினாலும் அலறும் கார் ஹாரனைப் பார்த்திருப்பீர்கள். பதற்ற நோய் அப்படிப்பட்டது. ஹாரன் உண்மையாகவே அலறுகிறது, நடிப்பல்ல. ஆனால் திருடன் இல்லை.

எது இயல்பு, எது நோய் என்று பார்க்க மருத்துவர்கள் பல கேள்விகள் கேட்பார்கள். வீட்டில் நாம் மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். நடந்த விஷயத்தின் அளவுக்கு மீறி பயம் இருக்கிறதா? வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கிறதா? இந்தப் பயத்தால் எந்த வேலையை, எந்த இடத்தை, எந்த மனிதரை விட்டுவிட்டோம்? என்னைக் கேட்டால் மூன்றாவது கேள்விதான் முக்கியம். 'எனக்கொன்றுமில்லை' என்று சொல்பவர்கள்கூட, விட்டுவிட்டவற்றைப் பட்டியலிட்டால் அமைதியாகிவிடுகிறார்கள்.

இது அபூர்வ நோயும் அல்ல. 2019இல் உலகில் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மனநோய்களிலேயே அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்ற சாதாரணக் கோளாறு உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை. நம் ஜமாஅத்தில் எத்தனை வீடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எப்படியெல்லாம் வருகிறது

அந்தச் சகோதரிக்கு வந்தது பீதி. திடீரென்று கிளம்பும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகத் தணியும். வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பதும், உதடு கூசுவதும், தலை சுற்றுவதும் அதனால்தான். மாரடைப்பு என்றே தோன்றும். ஒரு முறை வந்தால் அது நோயல்ல. 'மறுபடி வந்துவிடுமோ' என்ற பயம் குடியேறி, அதற்கேற்ப வாழ்க்கையை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் அது நோய்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் தடவை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 'இது பதற்றம்தான்' என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் நாற்பது தாண்டியவர்களும் இதில் தாமதிக்கவே கூடாது. தைராய்டு அதிகமானாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். அவற்றையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒருமுறை முறையாகப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஐந்தாவது ஈ.சி.ஜி.க்குச் செலவழிப்பதில்தான் பயனில்லை.

இன்னொரு வகை சத்தமில்லாதது. நாள் முழுவதும், எல்லாவற்றுக்கும் கவலை. பிள்ளை டியூஷனிலிருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் விபத்து. மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் பதில் போடாவிட்டால் ஏதோ நடந்துவிட்டது. ஒரு கவலை தீர்ந்ததும் அந்த இடத்தில் அடுத்தது வந்து உட்காரும். ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் இப்படியே போனால் அதைப் பொதுவான பதற்ற நோய் என்பார்கள். இவர்கள் மருத்துவரிடம் கவலை என்று சொல்லிப் போவதே இல்லை. கழுத்துவலி, தலைவலி, வயிற்றுப் பொருமல், தூக்கமின்மை, அசதி என்றுதான் போவார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'வாய்வு' என்று சொல்லிக் கசாயம் குடிப்பதில் எத்தனை இந்த ரகமோ தெரியாது.

நாலு பேர் முன்னால் பேச, சாப்பிட, கையெழுத்துப் போட நடுங்குவது சமூகப் பதற்றம். கூச்ச சுபாவம் என்று விட்டுவிடுகிறோம். நேர்முகத் தேர்வுக்குப் போகாமலே 'வேலை பிடிக்கவில்லை' என்று சொல்லும் பட்டதாரிப் பையன்களில் சிலருக்கு இது இருக்கலாம். உயரம், ஊசி, லிஃப்ட், நாய் என்று ஒன்றை மட்டும் கண்டு அஞ்சுவதும் உண்டு. அது வாழ்க்கையைத் தடுக்காத வரை விட்டுவிடலாம்.

பிள்ளைகள் 'பயமாக இருக்கிறது' என்று சொல்லத் தெரியாதவர்கள். ஞாயிறு மாலையும் பள்ளி நாள் காலையும் மட்டும் வரும் வயிற்றுவலியைக் கவனியுங்கள். ஆண்களிடம் இது கோபமாகவும் எரிச்சலாகவும் சிகரெட்டாகவும் வெளிவரும். பிரசவத்துக்குப் பிறகு, குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கும் தாயை 'பாசம்' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

வஸ்வாஸ்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் இப்போது இதைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்து, எண்ணச் சுழற்சி நோய் என்று தனி வகையில் வைக்கிறார்கள். ஆனாலும் நெருங்கிய உறவுதான்.

ஒளுச் செய்துவிட்டு, சரியாகச் செய்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி செய்வது. தக்பீர் கட்டிக் கட்டி அவிழ்ப்பது. துணியில் நஜீஸ் பட்டிருக்குமோ என்று ஒரே துணியை மூன்று தடவை அலசுவது. ஃபஜ்ருக்கு எழுந்த பெண் சூரியன் உதித்த பிறகும் குழாயடியில் நிற்பதை, வீட்டார் 'பேணுதல்' என்று முதலில் பெருமையாகச் சொல்கிறார்கள். தோல் வெடித்து, தொட்டித் தண்ணீர் தீர்ந்து, சண்டை வந்த பிறகுதான் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். சிலருக்கு நினைக்கவே கூசும் எண்ணங்கள் தொழுகையில் வரும். தான் காஃபிராகிவிட்டோமோ என்று அழுவார்கள். அந்த எண்ணம் அவர்களுடைய விருப்பம் அல்ல. விருப்பமாக இருந்தால் அழ மாட்டார்களே.

நம் ஃபிக்ஹ் கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று, உறுதியாக நடந்த ஒன்று பின்னால் வரும் சந்தேகத்தால் இல்லாமல் போகாது என்பது. அடிக்கடி சந்தேகம் வருபவர் அதைப் பொருட்படுத்தாமல் தொழுகையைத் தொடர வேண்டும் என்றே உலமாக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், மனநல மருத்துவரும் இதே பயிற்சியைத்தான் தருகிறார்: சந்தேகம் வரட்டும், ஆனால் திரும்பச் செய்யாதே. ஆகவே ஒரே கேள்வியை வாரம் மூன்று முறை கேட்டு வருபவருக்கு ஹஜ்ரத்மார்கள் வாரம் மூன்று முறையும் ஃபத்வா தர வேண்டாம். ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் அனுப்புவதுதான் அவருக்குச் செய்யும் உதவி.

வீடு சுருங்கும் விதம்

பதற்றம் ஒரே நாளில் ஆளை முடக்குவதில்லை. பஸ் வேண்டாம், ஆட்டோ போதும். ஆட்டோ வேண்டாம், பக்கத்துக் கடை போதும். கடைக்கு மகனை அனுப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவை தவிர்க்கும்போதும் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் கெடுதல். 'போகாததால் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை பயம் இன்னும் கூடுகிறது.

வீட்டாரும் அறியாமல் இதற்கு உடந்தையாகிறோம். அந்தச் சகோதரிக்காக மாமியார் கலியாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். பத்து வயது மகள் இரவில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். மாப்பிள்ளை அங்கிருந்து ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை போன் செய்தார், வேலை இடத்தில் எச்சரிக்கையும் வாங்கினார். எல்லாம் பாசத்தால்தான். ஆனால் 'ஒன்றும் ஆகாது' என்று பன்னிரண்டு தடவை கேட்டவருக்குப் பதின்மூன்றாவது தடவையும் தேவைப்பட்டது.

ஓதிப் பார்ப்பதும் மருந்தும்

இவருக்கும் முதலில் இஸ்மு கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், செய்வினை என்று ஒருவர் சொல்லி ஏழாயிரம் ரூபாய் வாங்கினார். குர்ஆன் ஓதுவதும் துஆச் செய்வதும் மனதுக்கு அமைதி தருவதை நாம் அனுபவத்தில் அறிவோம். அதை யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் ஜின் என்றும் சூனியம் என்றும் பெயர் சூட்டிப் பணம் கேட்பவரிடம் போவதும், 'ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தினால்தான் இது பலிக்கும்' என்பவரை நம்புவதும் வேறு. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதில் மூளைக்கு விலக்கு எதுவும் இல்லை.

மனநலம் மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கி (மறைவு கி.பி. 934, ஹிஜ்ரி 322) உடலின் நலம், உள்ளத்தின் நலம் இரண்டையும் ஒரே நூலில் எழுதினார். 'மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்' என்பது அதன் பெயர். உள்ளம் பற்றிய பகுதியில் கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தியம் சொல்கிறார். காரணம் தெரியாமல் வரும் துக்கத்துக்கு உடம்பிலும் காரணம் இருக்கலாம், அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்பது அவர் கருத்து. திடீர் நோய்க்கு வீட்டில் மருந்து எடுத்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் அறிஞர் பேசியதை நாம் பேச வெட்கப்படுகிறோம்.

மருத்துவத்தைத் தள்ளிப்போட்டதன் விலையை நம் மாநிலம் ஏர்வாடியில் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு இருந்தது பதற்றத்தை விடக் கடுமையான நோய்கள் என்பது உண்மை. ஆனால் மறைப்பதும், கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவதும் நம்மிடம் இன்னும் இருக்கிறது. பின்னர் அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருபவர்களை அரசு மனநல மருத்துவர்கள் பார்க்கும் ஏற்பாடு வந்தது. துஆவும் தவாவும் ஒன்றையொன்று தள்ள வேண்டியதில்லை என்பதற்கு அதுவே போதும்.

சிகிச்சை என்றால் என்ன

இரண்டு வழிகள். ஒன்று பேச்சு வழிச் சிகிச்சை. சும்மா ஆறுதல் சொல்வதல்ல அது. பயந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கவும், தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பவும் பழக்குவார்கள். நம் சகோதரி முதல் வாரம் தெருமுனை வரை மட்டும் போனார். படபடப்பு வந்தது, நின்றார், ஓடி வரவில்லை, அடங்கியது. பிறகு கடை. பிறகு இரண்டு ஸ்டாப் பஸ்.

மற்றொன்று மாத்திரை. இதற்குத் தரும் முக்கிய மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாட்கள் குமட்டலோ படபடப்போ சற்றுக் கூடலாம். பலர் அப்போதே நிறுத்திவிட்டு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்கிறார்கள். இவை போதை மருந்துகள் அல்ல. ஆனால் குணமானதும் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்லும் அளவில் மெதுவாகக் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் போன்ற உடனடி அமைதி மாத்திரைகள் வேறு ரகம். அவை பழக்கமாகிவிடும். மருத்துவர் குறுகிய காலத்துக்கு எழுதினால் மட்டும் எடுக்கலாம். பக்கத்து வீட்டு ராத்தாவுக்குக் கேட்டது என்று மெடிக்கலில் வாங்கிப் போடுவது ஆபத்து.

ரமளானில் மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்கள் அதிகம். பல மாத்திரைகளை நோன்பு திறந்த பின்னோ சஹரிலோ எடுக்கும்படி மாற்றிக்கொள்ள முடியும். ஷஅபானிலேயே மருத்துவரைக் கேளுங்கள். முடியாத நிலை என்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இவருக்கும் உண்டு. இரவு விழிப்பும், சஹரில் இரண்டு டம்ளர் கடுங்காப்பியும் படபடப்பைக் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீதி வரும் நேரத்தில்

கூட்டம் கூடாதீர்கள். முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, 'இது பீதி, கொஞ்ச நேரத்தில் அடங்கும், நான் இருக்கிறேன்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, வாயால் அதைவிட நீளமாக விடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே செய்யுங்கள். திக்ரை அந்த மூச்சோடு சேர்த்து ஓதுவது பலருக்கு எளிதாக இருக்கிறது. அடங்கியபின் அந்த இடத்தை விட்டு ஓடாமல் சற்று நேரம் அங்கேயே இருப்பது நல்லது. ஜும்ஆ கூட்டத்தில் பயம் வருபவர் கடைசி ஸஃப்பில் வாசல் பக்கம் நின்று தொழட்டும். பள்ளிவாசலுக்கே வராமல் நின்றுவிடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

'நடிக்கிறாய்', 'வேலை இல்லாததால் வருகிறது', 'உன்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் இல்லையா' என்ற மூன்றையும் வீட்டில் தடை செய்துவிடுங்கள். வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு எப்போதாவது வந்தால் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

எங்கே போவது

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணை 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் இருந்து இது நடக்கிறது. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து பக்கத்து மாவட்டத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போகட்டும். போகாமல் இருப்பதைவிட அது நல்லது.

நம் மருத்துவ உதவிப் படிவத்தில் இதயம், சிறுநீரகம், புற்றுநோய், பிரசவம் என்று கட்டங்கள் உண்டு. மனநலத்துக்குக் கட்டமே இல்லாமல் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம். இந்த மாதம் அச்சடித்த படிவத்தில் சேர்த்திருக்கிறோம். அந்தக் கட்டத்தில் குறியிட்ட மனுக்களை மட்டும் பொது மேசையில் வைக்காமல் தனி உறையில் வாங்குவோம். பெண்களுக்கு அந்தச் செவிலியர் அம்மா உள் அறையில் இருப்பார். பஸ் செலவுக்கும், துணைக்கு ஆள் வேண்டும் என்றாலும் கேட்கலாம். பழைய ஈ.சி.ஜி. தாள்களை மறக்காமல் எடுத்து வாருங்கள். அவை இருந்தால் புதிதாக எடுக்க வேண்டியிருக்காது.